பாசுரத்தைப் பேச விடுங்கள்

பக்திப் பாசுரங்களைப் பல குரல்கள் சேர்ந்து பாடும் சேர்ந்திசைக் குழுவுக்கும் சிம்பொனி இசைக்குழுவுக்கும் உரிய படைப்புகளாக அமைத்துவரும் இசையமைப்பாளர்களுக்கும், அவற்றை மேடையேற்றும் சேர்ந்திசைக் குழுக்களின் நடத்துநர்களுக்கும்,

வணக்கம்.

ஆண்டாளையும் மாணிக்கவாசகரையும் பல குரல்களும் பல கருவிகளும் சேர்ந்து பாடக் கேட்க வேண்டும் என்று நெடுநாளாக விரும்புகிறவர்களில் நானும் ஒருத்தி. வீட்டில் பாசுரம் சேவித்தும் (ஓதியும்) பின்னர்ச் சேர்ந்திசைக் குழுவில் பாடியும் பழகியவள் என்பதைத் தவிர இதை எழுத எனக்கு வேறு தகுதி இல்லை. உங்கள் முயற்சியைத் தடுப்பது இம்மடலின் நோக்கமும் இல்லை. ஆனால் இப்பாடல்களைக் கையில் எடுக்கிறவர்களில் பலர் ஏறக்குறைய ஒரே வழியிலேயே நடப்பதைக் கண்டு மனம் பொறுக்காமல் எழுதுகிறேன். தாழ்ந்த தந்திகளில் நீண்டு நிற்கும் ஒரு சுருதி, அதன்மேல் ஒரு புல்லாங்குழல், சொல்லின்றி ‘ஆ’ என்று முனகும் பெண்குரல்கள், எங்கோ நடுவில் பாசுரத்தின் ஓரடி, மீண்டும் முனகல் என்று அமைந்த படைப்புகளை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கடவுள்மேல் கொண்ட காதல் என்றவுடன் இசை ஏன் இப்படி மங்கலாகவும், யாரிடமும் எதுவும் சொல்லாததாகவும் ஆகிவிட வேண்டும்?

ஆண்டாள் பாடிய நாச்சியார் திருமொழியை எடுத்துக்கொள்ளுங்கள். திருமொழி எனப்படும் 14 பதிகங்கள், 143 பாசுரங்கள். தொடக்கம் முதல் முடிவுவரை ஆண்டாள் யாரிடமாவது பேசிக்கொண்டே இருக்கிறாள். முதல் திருமொழியில் மன்மதனிடம் நோன்பு நோற்று வேண்டுகிறாள், வேண்டுதலோடு எச்சரிக்கையும் செய்கிறாள். இரண்டாவதில் தெருவில் கட்டிய சிற்றிலைச் சிதைக்க வருகிறவனைத் தடுக்கிறாள். மூன்றாவதில் குளத்தில் நின்றபடி துகிலைத் திருப்பிக் கேட்கிறாள். ஐந்தாவதில் குயிலிடம், ஆறாவதில் தோழியிடம், ஏழாவதில் சங்கிடம், எட்டாவதில் மேகங்களிடம், அப்பால் பூக்களிடமும் தன் வீட்டாரிடமும் பேசுகிறாள். தனக்குள் ஆழ்ந்து முணுமுணுக்கும் பெண் அல்லள் அவள். கேட்கிறாள், அதட்டுகிறாள், பேரம் பேசுகிறாள், கெஞ்சுகிறாள், கோபிக்கிறாள். இந்தப் பேச்சை எடுத்துவிட்டு ‘தெய்விகமான ஏக்கம்’ என்ற ஒற்றை உணர்வை மட்டும் வைத்துக்கொண்டால் ஆண்டாளுக்கும் வேறு எந்தப் பக்திப் பாடலுக்கும் வேறுபாடே இல்லாமல் போகும்.

ஏழாம் திருமொழியின் முதற் பாசுரத்தை அருகில் வைத்துப் பாருங்கள்.

கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ
திருப்பவளச் செவ்வாய்தான் தித்தித் திருக்குமோ
மருப்பொசித்த மாதவன்தன் வாய்ச்சுவையும் நாற்றமும்
விருப்புற்றுக் கேட்கின்றேன் சொல்லாழி வெண்சங்கே

முதல் இரண்டடிகளில் மூன்று வினாக்கள் அடுத்தடுத்து வந்து விழுகின்றன. அவன் இதழோடு எப்போதும் இருக்கும் பேறு பெற்ற சங்கிடம், அந்த வாயின் மணத்தையும் சுவையையும் ஒரு பெண் விசாரிக்கிறாள். ஏக்கத்தைவிட அவசரம் மிகுந்த விசாரணை இது. பொறாமையும் கலந்தது, இதே திருமொழியில் பின்னால் ஓரிடத்தில், பதினாறாயிரம் தேவிமார் பார்த்திருக்க நீ ஒருத்தி மட்டும் அந்த வாயமுதத்தை உண்ணலாமா என்று சங்கோடு சண்டைக்கே போகிறாள். இப்படிப்பட்ட பாசுரத்தை நான் பாடிய ஒரு குழுவில், நான்கு குரல்களுக்கும் நீண்ட சுரங்களாகப் பிரித்து, ஓரடிக்கு ஒரு நிமிடம் வீதம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். முதல் வினா முடிவதற்குள் கேட்டது வினா என்பதே கேட்போருக்கு மறந்துபோயிருக்கும்.

அந்த ஒத்திகைகளில் இன்னொன்றும் நடந்தது. ‘தித்தித் திருக்குமோ’ என்ற இடத்தில் மூன்று முறை ‘தி’ வருகிறது, அவற்றுக்கிடையே இரண்டு முறை ஒற்று வந்து குரலை நிறுத்துகிறது. குரலை அறுபடாமல் இழுத்துப் பாடப் பயின்ற நாங்கள் அந்த ஒற்றுகளை எல்லாம் கரைத்துவிட்டோம். ‘திதிதிருக்குமோ’ என்றுதான் அரங்கத்தின் பின்வரிசையில் கேட்டது. தமிழில் வல்லினம் இரட்டிக்கும்போது அந்த இடத்தில் ஓசை சிறிது நேரம் அடைபட்டு நிற்க வேண்டும். அந்த அடைப்புக்கு உரிய காலத்தை இசைக்குறிப்பிலேயே ஒதுக்கி எழுதினால்தான், அதாவது முந்தைய சுரத்தைச் சற்றுக் குறைத்துச் சிறு இடைவெளி விட்டால்தான், நாற்பது பேர் சேர்ந்து பாடும்போதும் அது ஒரே ஒற்றாக விழும். தனிப் பாடகர் தம் பழக்கத்தால் இதைச் சரிசெய்துகொள்வார். குழுவினரோ எழுதியிருப்பதைத்தான் பாடுவார்கள். குறில் நெடில் வேறுபாடும் இப்படித்தான். நெடிலுக்கு அரைத் தட்டும் குறிலுக்கு நான்கு தட்டும் கொடுத்து எழுதப்பட்ட தமிழ்ச் சேர்ந்திசைகளைப் பாடியிருக்கிறேன். கச்சேரியிலும் குறில் நீள்வதுண்டே என்று நீங்கள் கேட்கலாம். அங்கே ஒரே குரல், ஒரே வரிக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. கேட்பவர்களில் பாதிப்பேருக்குப் பாட்டு மனப்பாடம். நான்கு குரல்கள் நான்கு அசைகளை ஒரே நேரத்தில் ஒலிக்கும் இசையில் அந்த வசதி இல்லை. ஆகவே ஓரடியை முதலில் எல்லாக் குரல்களும் ஒன்றாக, சொல் தெளிய ஒருமுறை சொல்லிவிடட்டும். பின்னிப் பிரிந்து செல்வதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒன்றை நன்றியோடு குறிப்பிட வேண்டும். சென்னையில் நான்கு குரல் பாட்டை முறையாகப் பயின்றவர்களில் மிகப் பலர் தேவாலயப் பாடற்குழுக்களிலிருந்து வந்தவர்கள். ஆண்டாளைப் பாட வந்தபோது அவர்கள் காட்டிய சிரத்தையையும் பணிவையும் நேரில் கண்டிருக்கிறேன். குறை பாடகர்களுடையது அன்று.

இனி நான் முதன்மையாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். சேர்ந்திசை என்ற வடிவத்தை இப்பாடல்களின்மேல் நீங்கள் வெளியிலிருந்து கொண்டுவந்து சுமத்த வேண்டியதில்லை. இவற்றுள் பல, பல குரல்களுக்கென்றே எழுதப்பட்டவை போல இருக்கின்றன. நாச்சியார் திருமொழியின் கடைசித் திருமொழி முழுவதும் வினாவும் விடையுமாகவே செல்கிறது. ‘இங்கே போதக் கண்டீரே?’ என்று ஒரு தரப்பு கேட்கிறது. ‘விருந்தா வனத்தே கண்டோமே’ என்று மறுதரப்பு விடை சொல்கிறது. பாசுரத்துக்குப் பாசுரம் கேட்பவளின் தவிப்பு வேறு வேறாக வருகிறது, விடையோ ஒவ்வொரு முறையும் விருந்தாவனத்திலேயே வந்து நிற்கிறது. குரல்களை இரண்டு அணிகளாகப் பிரித்து நிறுத்துவதற்கு இதைவிடத் தெளிவான குறிப்பு எந்த இசையமைப்பாளருக்கு வேண்டும்? கேட்பவள் தனிக்குரலாகவும் விடை சொல்பவர்கள் குழுவாகவும் இருக்கலாம், அல்லது இரு அணிகளும் அரங்கின் இரு பக்கங்களில் நிற்கலாம். கடைசிப் பாசுரம் வரும்வரை இரு தரப்பும் ஒருமுறைகூடச் சேர்ந்து பாடாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

திருப்பாவையின் பதினைந்தாம் பாசுரமும் அத்தகையது. வெளியே நிற்கும் தோழியர் கூட்டம் ‘எல்லே இளங்கிளியே இன்னம் உறங்குதியோ’ என்று கேட்க, உள்ளே படுத்திருப்பவள் ‘சில்லென் றழையேன்மின் நங்கைமீர் போதர்கின்றேன்’ என்கிறாள். எட்டடிக்குள் ஒரு நாடகமே நடந்து முடிகிறது. முப்பது பாசுரங்களிலும் திரும்ப வரும் ‘எம்பாவாய்’ என்ற முடிப்பு குழுவின் குரலுக்கென்றே பிறந்தது. சைவத்தில் மாணிக்கவாசகரின் திருச்சாழல் இருக்கிறது. சாம்பல் பூசுகிறான், பாம்பு அணிகிறான், இவனெல்லாம் ஒரு கடவுளா என்று ஒருத்தி கேலியாகக் கேட்பதும், மற்றொருத்தி அதற்கு விடையிறுத்துச் ‘சாழலோ’ என்று முடிப்பதுமாக இருபது பாடல்கள். திருப்பொற்சுண்ணத்தில் பெண்கள் உலக்கையால் இடித்துக்கொண்டே ‘பொற்சுண்ணம் இடித்தும் நாமே’ என்கிறார்கள். உலக்கையின் தாளம் பாட்டுக்குள்ளேயே விழுந்துகொண்டிருக்கிறது. அம்மானை, ஊசல், உந்தி, பூவல்லி என்று பெண்கள் கூடி ஆடும் பாடும் வடிவங்களையெல்லாம் சிவபெருமான்மேல் கொண்ட காதலுக்குத் திருப்பிவிட்ட நூல் திருவாசகம். கூட்டமாகக் காதலிப்பது என்பது வேறு இலக்கியங்களில் விந்தையாக இருக்கலாம், நம் பக்தி இலக்கியத்தில் அது இயல்பான நிலை.

கோயில் மரபும் இதையே காட்டுகிறது. திருவரங்கத்திலும் ஆழ்வார்திருநகரியிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பாசுரங்களைப் பாடி அபிநயித்துக் காட்டும் அரையர் சேவையில் கைத்தாளம் தவிர வேறு கருவி இல்லை. முத்துக்குறி என்னும் நிகழ்வில் காதல் நோய் கொண்ட மகளாகவும், கவலைப்படும் தாயாகவும், குறி சொல்லும் கட்டுவிச்சியாகவும் ஒரே அரையர் மாறி மாறிப் பேசுகிறார். ஒரு குரலைக் கொண்டே மூன்று பேரின் பேச்சை அந்த மரபு காட்டிவிடுகிறது. எண்பது பேர் பாடியும் நம் மேடைகளில் ஒரே ஓர் உணர்வுதான் வெளிப்படுகிறது என்றால், நாம் மறுபடி யோசிக்க வேண்டியவர்கள்.

மேலைநாட்டு முன்மாதிரிகளைப் பற்றி ஒரு சொல். இங்கிலாந்தின் இசையமைப்பாளர் குஸ்டாவ் ஹோல்ஸ்ட், ரிக்வேதப் பாடல்களைத் தாமே மொழிபெயர்த்து இசையமைக்க விரும்பிச் சமஸ்கிருதம் படித்தவர். 1908 முதல் 1912 வரை அவற்றை நான்கு தொகுதிகளாகச் சேர்ந்திசைக்கு அமைத்தார். மகாபாரதத்துச் சாவித்திரி கதையை அவர் சிறு இசை நாடகமாக்கியபோது, மூன்று பாத்திரங்களையும் பன்னிரண்டே வாத்தியக்காரர்களையும், மேடைக்கு அப்பாலிருந்து சொல்லின்றிப் பாடும் பெண்கள் குழுவையும் மட்டும் வைத்துக்கொண்டார். யமனிடம் பேசியே கணவனை மீட்டவள் சாவித்திரி. அந்த நாடகம் ஒற்றை வாத்தியமும் இல்லாமல் யமனின் குரலோடும் சாவித்திரியின் குரலோடும் தொடங்குகிறது. சொல்லற்ற முனகலும் அதில் உண்டு, ஆனால் சொல்லைச் சுற்றி நிற்கும் மாயையாக அதற்கு ஒரு வேலை இருக்கிறது. அதே ஹோல்ஸ்ட் காளிதாசனின் மேகதூதத்தைப் பெரிய சேர்ந்திசைக்கும் முழு இசைக்குழுவுக்கும் அமைத்த படைப்பு, 1913-இல் லண்டனில் அரங்கேறியபோது வரவேற்பைப் பெறவில்லை. பெரிய இசைக்குழு தானாகவே பெரிய காதலைத் தந்துவிடாது என்பதை எனக்கு இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டபோதுதான் உணர முடிந்தது.

அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸ் 1980-இல் காந்தியைப் பற்றி அமைத்த இசை நாடகத்தில் பாடப்படுவது முழுக்க முழுக்கக் கீதையின் சமஸ்கிருதச் சுலோகங்கள். சொல் புரியாமலே கேட்பவர்களை அது ஆட்கொள்கிறது. கீதையின் உபதேசம் மந்திரம்போல் திரும்பத் திரும்ப ஒலிப்பதற்கு அந்த முறை பொருந்தும். சங்கிடம் ‘நாறுமோ’ என்று கேட்கிறவளுக்கு அது பொருந்தாது. அந்த வெற்றியைப் பார்த்து ஆண்டாளையும் மந்திரமாக்கிவிடாதீர்கள்.

நமக்குச் சொந்தமான முன்மாதிரிகளும் இருக்கின்றன. 1970களின் தொடக்கத்தில் சென்னையில் இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன் தொடங்கிய மெட்ராஸ் யூத் கொயர், இந்திய மொழிச் சொற்களை அவற்றின் ஓசை கெடாமல் பல குரல்களில் பாட முடியும் என்பதைக் காட்டியது. இளையராஜாவின் திருவாசகம், புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவின் வாசிப்போடு 2005-இல் வெளிவந்தது. அதில் யாத்திரைப் பத்தும் திருக்கோத்தும்பியும் அச்சப்பத்தும் தமிழ் உச்சரிப்பு சிதையாமல், தந்திகளின் அகன்ற ஓசைக்கு நடுவில் தெளிவாக நிற்கின்றன. பல வீடுகளில் திருவாசகத்தை முதன்முதலாகத் திறக்க வைத்தது அந்த ஒலித்தட்டு. அதன்மேல் எனக்குள்ள மதிப்பு பெரியது. இருந்தாலும் அந்த வழியில் அடுத்து வருகிறவர்களிடம் இதைக் கேட்க விரும்புகிறேன்: அங்கே பாட்டை நடத்திச் செல்வது பெரும்பாலும் தனிக்குரல். குழு சூழ்ந்து நிற்கிறது. குழுவே காதலியாக நின்று பேசும் படைப்பு இனிமேல்தான் வர வேண்டும்.

இராகமும் மேலைநாட்டுச் சுரக்கூட்டும் (ஹார்மனியும்) எப்படி இசைந்து போவது என்ற கேள்வியை நான் நீட்டப்போவதில்லை, அது உங்கள் துறை. கர்நாடக இசைப் பாடகர் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் திருப்பாவை முழுமைக்கும் இராகம் அமைத்து, ‘மார்கழித் திங்கள்’ என்றாலே நாட்டை இராகம் என்று நம் காதுகளில் பதிய வைத்துவிட்டார். அந்த நினைவைப் பயன்படுத்தவும் செய்யலாம், அதிலிருந்து விலகவும் செய்யலாம். இசைக்குழுவைப் பற்றி மட்டும் ஒன்று சொல்வேன். எட்டாம் திருமொழி ‘விண்ணீல மேலாப்பு விரித்தாற்போல் மேகங்காள்’ என்று தொடங்குகிறது. இதைக் கண்டதும் முரசுகளில் இடியையும் தந்திகளில் மழையையும் எழுதத் தோன்றும். ஆனால் அந்தப் பாசுரத்தில் சொட்டுவது மழையன்று, அவள் கண்ணீர். ‘கண்ணீர்கள் முலைக்குவட்டில் துளிசோரச் சோர்வேனை’ என்கிறாள். வேங்கடத்தான் உங்களோடு வந்தானா என்று கேட்டுவிட்டு விடைக்குக் காத்திருக்கிறாள். இசைக்குழுவால் எழுப்பக்கூடிய மிக அரிய ஒலி, விடை சொல்லாத மேகத்தின் மௌனமாக இருக்கலாம்.

இனி, உங்களில் பலர் தயங்கும் இடம். நிகழ்ச்சிக்குப் பாசுரம் தேர்ந்தெடுக்கும்போது ‘வாரண மாயிரம்’ எப்போதும் இடம்பெறுகிறது. திருமணக் கனவு எல்லார்க்கும் இனிது. பதின்மூன்றாம் திருமொழியோ விடுபடுகிறது. கொள்ளும் பயன் ஒன்றில்லாத கொங்கையைக் கிழங்கோடு அள்ளிப் பறித்து அவன் மார்வில் எறிந்து என் அழலைத் தீர்வேன் என்று ஆண்டாள் சொல்லும் அந்த இடத்தை மேடையில் ஒருமுறையும் நான் கேட்டதில்லை. ஒரு குழு அதைச் சேர்க்க எண்ணி, பின்னர் ‘குடும்பத்தோடு வருவார்கள்’ என்று நீக்கியதை அறிவேன். வைணவ உரையாசிரியர் பெரியவாச்சான் பிள்ளை இப்பாசுரத்தைத் தாண்டிப் போகவில்லை, மற்றவற்றுக்குப் போலவே இதற்கும் உரை எழுதினார். ஆசாரியர்கள் கூசாத இடத்தில் நாம் கூச வேண்டியதில்லை. மேலும் இந்தச் சினத்தை நீக்கிவிட்டுக் கனவை மட்டும் பாடினால், ‘மானிடவர்க் கென்று பேச்சுப்படில் வாழகில்லேன்’ என்று முதல் திருமொழியிலேயே அவள் சூளுரைத்ததற்கு என்ன விலை கொடுத்தாள் என்பது கேட்போருக்குத் தெரியாமலே போய்விடும். உங்கள் பித்தளை வாத்தியங்களுக்கும் முழுக் குழுவின் உச்சக் குரலுக்கும் நாச்சியார் திருமொழியில் உரிய இடம் ஒன்று உண்டென்றால், அது இதுதான்.

சந்நிதியில் சேவிக்க வேண்டியதை அரங்கத்துக்குக் கொண்டுவரலாமா என்று கேட்கும் பெரியவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய கவலையை நான் எளிதாக எண்ணவில்லை. கச்சேரி மேடையில் திருப்பாவை ஒலிக்கத் தொடங்கியதால் மார்கழி விடியலில் கோயில்களில் கூடிப் பாசுரம் சேவிக்கும் கோஷ்டி குறைந்துவிடவில்லை என்பதே நான் கண்டது. ஆனால் அவர்களிடம் போய்க் கேட்காமல் இசையமைப்பது சரியாகாது. பதம் பிரிப்பதிலும், ஓர் அடியை எங்கே நிறுத்துவது என்பதிலும், யார் யாரிடம் சொல்கிறார் என்பதிலும் அவர்களிடம் உள்ள அறிவு அச்சில் கிடைக்கும் பதிப்புகளில் முழுதாகக் கிடைக்காது. இசைக்குறிப்பு எழுதத் தொடங்குவதற்கு முன்பே, தேர்ந்த ஒருவர் அப்பாசுரத்தைச் சேவிக்கக் கேட்டு, எங்கே மூச்சு விடுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் தாளக் கோடுகளில் பாதி அந்த மூச்சிலேயே கிடைத்துவிடும்.

நடத்துநர்களிடம் ஒரு வேண்டுகோள். பாடகர்களின் கையில் தரும் தாள்களில், ஒலிபெயர்ப்போடு பாசுரம் முழுவதையும் தமிழ் எழுத்தில் அச்சிடுங்கள். தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள்கூட ரோமன் எழுத்தைப் பார்த்துப் பாடும்போது ழகரத்தையும் றகரத்தையும் தவறவிடுகிறார்கள். முதல் ஒத்திகையில் சுரம் எதுவும் இல்லாமல் பாசுரத்தை எல்லாரும் சேர்ந்து வாய்விட்டுச் சொல்லட்டும். இது யாரிடம் சொல்லப்படுகிறது என்று ஒவ்வொருவரும் அறிந்த பின்னர்ச் சுரத்துக்குப் போகலாம். அரங்கத்துக்கு வருகிறவர்களுக்குத் தரும் கையேட்டிலும் பாசுரமும் அதன் பொருளும் இருக்கட்டும். உச்சரிப்பைக் கற்பித்தவரின் பெயரை வாத்தியக்காரர்களின் பெயர்களோடு சேர்த்து அச்சிடுங்கள்.

இசையமைப்பாளர்களிடம் ஒரு யோசனை. முப்பது பாசுரங்களையோ நூற்று நாற்பத்து மூன்றையோ உடனே எடுக்க வேண்டாம். கடைசித் திருமொழியிலிருந்து தொடங்குங்கள். பத்துப் பாசுரங்கள், இரண்டு அணிக் குரல்கள், சிறிய தந்திக் குழு, இரண்டு மூன்று துளைக் கருவிகள் போதும். இருபது நிமிடத்துக்குள் அடங்கிவிடும். ஓரளவு பயிற்சியுள்ள எந்தக் குழுவும் ஒரு பருவத்துக்குள் பாடக் கற்றுக்கொள்ள முடியும். அதை எழுத முன்வருகிறவர் எவராயினும், பாசுரங்களைப் பதம் பிரித்துத் தரவும், ஒத்திகைதோறும் வந்து உடனிருந்து சொல்லிக்கொடுக்கவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
பாசுரம் சேவிப்பவளும் சேர்ந்திசைப் பாடகியுமான ஒருத்தி